நடிகர் முகமும் அச்சுத் தாளும்

(விழுப்புரத்தில் நடைபெற்ற ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில், பணி நிறைவு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மதிய உணவுக்குப் பிறகு பேச அழைக்கப்படுகிறவன், கேட்பவர்களின் இமைகளோடு போட்டி போட வேண்டியிருக்கும். அதனால் கையில் இரண்டு தாள்களை எடுத்து வந்திருக்கிறேன். ஒன்று லண்டனில் 1874இல் அச்சானது. மற்றொன்று சென்னையில் 1930களில் அச்சானது. இரண்டிலும் மேடையில் நின்றவர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு தாளும் இருந்திருக்க வேண்டும். அது ஒரு கோடு போட்ட நோட்டுத்தாள். 1987இல் திண்டிவனத்துக்கு அருகே ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வரைந்தது. அதை நான் கிழித்துவிட்டேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் லண்டன் தாள். இதை நான் 1978இல் சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கினேன். 1985இல் அந்தக் கட்டடம் எரிந்துபோனது. உங்களில் இளையவர்களுக்கு அது பெயராக மட்டுமே தெரிந்திருக்கும். அங்கே பழைய புத்தகக் கடைகளில் நாள் முழுவதும் நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஒரு கடையில் பழைய நிலவரைபடங்களுக்கு நடுவே இந்தப் படம் கிடந்தது. நெடிய, மெலிந்த ஒரு மனிதர். படத்துக்குக் கீழே 'தி பெல்ஸ்' என்று மட்டும் இருந்தது. ஆள் யார் என்று எழுதியிருக்கவில்லை. மூன்று ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். அப்போது அது எனக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கும் மேல்.

பல ஆண்டுகள் வரை நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? இவர் ஏதோ தேவாலயத்தில் மணி அடிப்பவர் என்று. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறேன். பின்னாளில் என்னோடு பணியாற்றிய ஆங்கில ஆசிரியர் ஒருவர்தான் தாளின் ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, "சார், இது மணி அடிக்கிறவர் இல்லை. மணிச் சத்தத்தைக் கேட்டு நடுங்குறவர்" என்று சிரித்தார்.

'தி பெல்ஸ்' என்பது ஒரு நாடகம். 1871 நவம்பரில் லண்டன் லைசியம் அரங்கில் முதலில் நடந்தது. பனிக்காலத்து இரவில், வழிப்போக்கர் ஒருவரைப் பணத்துக்காகக் கொன்றுவிட்டு, பதினைந்து ஆண்டுகள் ஊரில் பெரிய மனிதராக வாழும் ஒருவரின் கதை. கொல்லப்பட்டவர் வந்த பனிச்சறுக்கு வண்டியின் மணியோசை அவர் காதுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வேடத்தில் நடித்தவர் ஹென்றி இர்விங். அந்த ஒரே நாடகத்தால் புகழின் உச்சிக்குப் போனவர். 1895இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. அதற்கு முன் எந்த நடிகருக்கும் அங்கே அது கிடைத்ததில்லை. கூத்தாடி என்று நம்மூரில் சொல்லும்போது குரலில் ஏறுகிற அந்த இளக்காரம் அந்த ஊரிலும் இருந்தது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இந்தப் படம் வெளிவந்த வார இதழின் பெயர் 'வேனிட்டி ஃபேர்'. 1868இல் தாமஸ் கிப்சன் பௌல்ஸ் என்பவர் லண்டனில் தொடங்கினார். 1869 ஜனவரி இறுதியில் முதன்முதலாக ஒரு முழுப்பக்க வண்ணக் கேலிச்சித்திரத்தைச் சேர்த்தார். பிரதமராக இருந்து பதவி இழந்திருந்த டிஸ்ரேலியின் படம். அதற்குப் பிறகு வாரம் ஒருவர். அரசியல்வாதி, நீதிபதி, பாதிரியார், குதிரைப் பந்தயக்காரர், பாடகர், நடிகர், நாடக ஆசிரியர் என்று 1914 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நம் ரஞ்சித்சிங்ஜிகூட 1897இல் மட்டையோடு அதில் இடம் பெற்றார். டிஸ்ரேலியையும் இர்விங்கையும் வரைந்தவர் இத்தாலிக்காரர், கார்லோ பெல்லெக்ரீனி. முதலில் பிரெஞ்சு மொழியில் 'குரங்கு' என்று கையெழுத்திட்டார். பிறகு அதையே ஆங்கிலமாக்கி 'ஏப்' என்று போட்டார். அடுத்து வந்த லெஸ்லி வார்டு 'ஸ்பை', அதாவது ஒற்றன், என்று போட்டுக்கொண்டார். தன்னைக் குரங்கு என்று சொல்லிக்கொள்கிறவன் மற்றவர்களைக் கேலி செய்தால் யார் கோபித்துக்கொள்ள முடியும்! அந்தத் தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். வகுப்பில் இதை எப்படிப் பயன்படுத்தினேன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது இந்தத் தாளின் இடது ஓரத்தைப் பாருங்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, நானே சொல்கிறேன். சிறு சிறு ஊசித் துளைகள் இருக்கின்றன. ஒருகாலத்தில் இது தைத்துக் கட்டிய ஒரு தொகுதிக்குள் இருந்தது. யாரோ பிளேடு வைத்து அறுத்து எடுத்திருக்கிறார்கள். பழைய அச்சுப்படங்களை விற்கிறவர்கள் உலகம் முழுவதும் செய்கிற வேலை இது. ஒரு தொகுதியை அப்படியே விற்பதைவிட, படங்களைப் பிரித்துத் தனித்தனியாக விற்றால் வருமானம் அதிகம். வழக்கறிஞர் அலுவலகத்துக்கு நீதிபதி படம், விளையாட்டு மன்றத்துக்குக் கிரிக்கெட் வீரர் படம், நாடக ரசிகருக்கு நடிகர் படம். சட்டம் போட்டு மாட்டிவிட்டால் அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் படத்தோடு வந்த எழுத்து போய்விடுகிறது. வேனிட்டி ஃபேரில் ஒவ்வொரு படத்தோடும் அந்த மனிதரைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வரும். 'ஜெஹு ஜூனியர்' என்ற புனைபெயரில் இருக்கும். பெரும்பாலும் பௌல்ஸே எழுதியது. பாராட்டும் குத்தலும் கலந்த நடை. படமும் அதுவும் சேர்ந்ததுதான் முழு விஷயம். பிளேடு வைத்தவருக்குப் படம் மட்டும் போதுமாக இருந்தது. அதனால்தான் நான் இத்தனை ஆண்டுகள் இர்விங்கை மணி அடிப்பவர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் புதுச்சேரியிலிருந்து 1908 முதல் 1910 வரை பாரதியாரின் 'இந்தியா' வார இதழ் வெளிவந்தது. அதற்கு முன் 1906 முதல் சென்னையில். முகப்பில் பெரிய கருத்துப்படம் இருக்கும். உள்ளே அதற்குச் சித்திர விளக்கம் இருக்கும். படத்தில் இருக்கும் பசு எது, புலி யார் என்று அதில் சொல்லப்பட்டிருக்கும். அந்த விளக்கம் இல்லாமல் இன்று பல படங்கள் நமக்குப் புரியாது. ஆ. இரா. வேங்கடாசலபதி அந்தப் படங்களைத் திரட்டிப் புத்தகமாக்கியிருக்கிறார். பள்ளி நூலகத்துக்கு வாங்கலாம்.

சரி, பிளேடு வைத்தவரைத் திட்டிவிட்டேன். இப்போது என் கதை.

இந்த இரண்டாவது தாள், ஆனந்த விகடனில் மாலி வரைந்த ஒரு சங்கீத வித்வானின் கேலிச்சித்திரம். 1930களில் கச்சேரிகளுக்குப் போய், முன்வரிசையில் உட்கார்ந்து, பாடுகிறவர்களையும் பக்கவாத்தியக்காரர்களையும் பார்த்துப் பார்த்து வரைந்தவர் மாலி. விக்டோரியா காலத்து லண்டன்காரர்கள் நடிகர்களுக்குச் செய்ததை இவர் நம் மேடைக்குச் செய்தார் என்று சொல்லலாம். டைகர் வரதாச்சாரியார் பாடும்போது முகம் எப்படிப் போகும், அரியக்குடி எப்படி உட்கார்ந்திருப்பார் என்பதெல்லாம் ஒலிப்பதிவில் கிடைக்காது. மாலியின் நாலு கோட்டில் கிடைக்கும். மாலியைப் பார்த்து வளர்ந்தவர்தான் கோபுலு. 'தில்லானா மோகனாம்பாள்' விகடனில் தொடராக வந்தபோது கோபுலு வரைந்த சண்முகசுந்தரத்தைத்தான் வாசகர்கள் முதலில் கண்டார்கள். அதன் பிறகு 1968இல் அந்த வேடத்தில் நம் விழுப்புரம் சின்னையா கணேசன் நடித்தார்.

இந்தப் படம் என்னிடம் எப்படி வந்தது? 1975இல், நான் படித்துக்கொண்டிருந்த ஊரில் ஒரு வாசகசாலை இருந்தது. அதன் பெயரோ ஊரின் பெயரோ வேண்டாம். அங்கே பழைய விகடன் இதழ்களைக் கட்டு கட்டாகத் தைத்து வைத்திருந்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. கோடு பழகிக்கொண்டிருந்த நேரம். மாலியின் கோடு என்னைப் பைத்தியமாக அடித்தது. இதை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்த்து வரைய வேண்டும் என்று தோன்றியது. கேட்டால் தரமாட்டார்கள். பென்சில் சீவுகிற அரை பிளேடு சட்டைப் பையில் இருந்தது. காகிதம் அறுபடும் சத்தத்தை மறைக்க இருமினேன். அவ்வளவுதான். ஆசிரியர் பயிற்சியில் சேரப் போகிற பையன் செய்த வேலை அது.

அவசரத்தில் படத்தை ஒட்டி அறுத்தேன். அதனால் பக்க எண் இல்லை, தேதி இல்லை, கீழே இருந்த பெயரும் போய்விட்டது. இந்த மிருதங்க வித்வான் யார் என்று இன்று வரை எனக்கு உறுதியாகத் தெரியாது. திண்டிவனத்தில் ஒரு வயதான மிருதங்க ஆசிரியரிடம் காட்டினேன். கையை வைத்திருக்கும் விதத்தைப் பார்த்து ஒரு பெயர் சொன்னார். வேறொருவர் தலையை ஆட்டி வேறு பெயர் சொன்னார். மாலி அத்தனை நுட்பமாகக் கவனித்து வரைந்த ஒரு மனிதரை நான் அரை பிளேடால் பெயரில்லாதவராக ஆக்கிவிட்டேன்.

பணி ஓய்வுக்கு முன்பு ஒருமுறை அந்த ஊருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஓர் உறையில் போட்டு எடுத்துப் போனேன். அந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருந்தது. பழைய கட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். 'நான் திருடியதால்தானே இந்த ஒரு பக்கமாவது பிழைத்தது' என்று ஒரு நியாயம் மனதில் உடனே ஓடி வந்தது. ஓடி வந்த வேகமே எனக்குச் சந்தேகமாக இருந்தது. எல்லாரும் ஒவ்வொரு பக்கமாக அறுத்திருந்தால் அந்தக் கட்டுக்கு மதிப்பு என்ன இருந்திருக்கும்? அறுபட்ட கட்டு என்பதாலேயே அதை எளிதாக எடைக்குப் போட்டார்களோ? உறையோடு திரும்பி வந்தேன்.

சேகரிப்பது நல்ல காரியமா, கெட்ட காரியமா என்று என்னிடம் கேட்டால், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைத்தான் சொல்லத் தோன்றும். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். புத்தகங்களோடு நிற்காமல், மற்றவர்கள் குப்பை என்று நினைத்த நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பு எல்லாவற்றையும் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது உருவானது. இன்று தமிழ் நாடகக் கம்பெனிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கேதான் போகிறார்கள். காலணாத் தாளில் அச்சடித்து, மாட்டு வண்டியில் பேண்டு வாத்தியத்தோடு தெருத்தெருவாக வீசிய நோட்டீஸ்களில் நடிகர் பெயர், இடம், நாள், கட்டணம் எல்லாம் இருக்கும். அவற்றுக்கு மேல் வேறு சான்று பல ஊர்களுக்குக் கிடையாது.

நாடகத்துக்கும் அச்சுக்கும் நம்மிடம் இன்னொரு உறவும் உண்டு. கோவில்பட்டி கொண்டையராஜுவின் சாமிப் படங்கள் இல்லாத காலண்டர் ஒருகாலத்தில் தமிழ்நாட்டில் அபூர்வம். அவர் நாடகக் கம்பெனியில் திரைச்சீலை வரைந்து ஊர் ஊராகப் போனவர். கம்பெனி கலைந்து கோவில்பட்டியில் தங்கிவிட்ட பிறகுதான் சிவகாசி அச்சகங்களுக்கு வரைந்தார். முருகனுக்குப் பின்னால் இருக்கும் அந்த மாளிகைத் தூண்களும் தோட்டமும் நாடக சீன்களிலிருந்து வந்தவை. உங்கள் வகுப்பறையில் மாட்டியிருக்கும் காலண்டரை இனிமேல் கொஞ்சம் நின்று பாருங்கள்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த லண்டன் படம் கல்லச்சு. ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு கலந்த மையால் வரைவார்கள். கல்லை ஈரப்படுத்தினால் வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளும். எண்ணெய் மையை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று ஆறாம் வகுப்பில் நடத்துகிறோமே, அதே சங்கதிதான். வண்ணத்துக்கு ஒரு கல். ஒவ்வொரு கல்லும் முன் கல்லோடு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் இதில் ஒழுங்கற்ற பொடிப்பொடித் துகள்கள் தெரியும். இன்றைய காலண்டரைப் பார்த்தால் வரிசை மாறாத புள்ளிகள் தெரியும். நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என நாலே நிறம். பழைய அச்சுப்படம் அசலா நகலா என்று சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். ஒரு லென்ஸும் ஒரு தீபாவளி வாழ்த்து அட்டையும் இருந்தால் நாளைக்கே வகுப்பில் காட்டலாம். பச்சை இல்லாமல் பச்சை எப்படி வந்தது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

இனி அந்த மூன்றாவது தாள்.

1987. எட்டாம் வகுப்பு. கரும்பலகையில் பூந்தொட்டி வரைந்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் பெஞ்சில் நாலு தலைகள் ஒட்டிக்கொண்டு குலுங்கின. போய்ப் பிடுங்கினேன். கூத்து மேடை. நடுவில் கட்டியங்காரன். கூம்புக் குல்லாய், கையில் கோலுக்குப் பதிலாக அடிக்கோல். முகம் என் முகம். நான் பேசும்போது இடது தோளைத் தூக்கிக்கொண்டு, சாக்பீஸை பீடி மாதிரி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்திருப்பேன். எனக்கே அது தெரியாது. அந்தப் பையன் அதை வரைந்திருந்தான். வகுப்புக்கு முன்னால் நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அடிக்கவில்லை. அடிக்காததால் நான் நல்ல ஆசிரியர் என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அவன் அப்பா பள்ளிக்கு வந்தார். சான்றிதழ் வேலையாக வந்தவர். கூத்து ஜமாவில் மத்தளம் வாசிக்கிறவர். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். வந்த வேலை முடிந்ததும் போகாமல் தயங்கினார்.

"ஐயா, எங்க பையன் வரைஞ்சத கிழிச்சிட்டீங்களாமே?"

"ஆமாம். வாத்தியாரைக் கேலி பண்ணலாமா?"

"பண்ணக் கூடாதுங்க. நான் கண்டிச்சிட்டேன்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேங்க. தப்பா வரைஞ்சிருந்தானுங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. தப்பாக வரைந்திருக்கவில்லை. அதுதான் விஷயம். அந்தத் தோளும் அந்த விரலும் அத்தனை சரியாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது.

"கூத்துல ராசாவையே கட்டியங்காரன் கேலி பேசுவானுங்க. ராசா கோவிச்சிக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு, கும்பிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பையன் அதற்குப் பிறகு என் வகுப்பில் பூந்தொட்டி, மாம்பழம், தேசியக் கொடி எல்லாம் சுத்தமாக வரைந்தான். முகம் வரையவே இல்லை. நான் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். "வராது சார்" என்றான். பத்தாம் வகுப்போடு ஊரை விட்டு வேலைக்குப் போய்விட்டான்.

அப்போது என் வீட்டுச் சுவரில் இர்விங் தொங்கிக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். நூறு வருடத்துக்கு முந்தைய கேலிச்சித்திரத்தைக் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடி போட்டு மாட்டியவன், என் வகுப்பில் வரைந்ததைக் கிழித்தேன். இர்விங்கின் நடையை அந்தக் காலத்தில் கேலி செய்யாதவர்கள் இல்லை. காலை இழுத்து இழுத்து நடப்பார் என்பார்கள். அவர் அதற்காகப் படத்தைக் கிழித்ததாக நான் படித்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கேலிச்சித்திரம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். பாடத்திட்டத்தில் இல்லை, கிடைத்த பாடவேளையில் செய்தேன். முதல் படம் எப்போதும் தன்னைத்தானே. ஒரு கண்ணாடியை வரிசையாகக் கைமாற்றிக்கொள்வார்கள். அதற்குக் கீழே கையெழுத்துக்குப் பதில் தனக்குத் தானே வைத்துக்கொண்ட ஒரு கேலிப் பெயர். பெல்லெக்ரீனியின் குரங்குக் கதையை அங்கே சொல்வேன். ஆந்தை, தவளை, ஓட்டைச் சைக்கிள் என்று பெயர்கள் வரும். தன்னைக் கேலி செய்து முடித்தவர்களுக்குத்தான் அடுத்தவரை வரைய அனுமதி. அடுத்தவர் என்றாலும் முதலில் நான். கரும்பலகைக்கு முன் நின்று கொடுப்பேன்.

ஒரு முறை தவறு நடந்தது. கால் ஊனமுற்ற ஒரு மாணவனை இருவர் வரைந்துவிட்டார்கள். அவன் சிரித்தான். ஆனால் அன்று மதியம் சாப்பிடவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விதி தேவைப்பட்டது. யோசித்து வகுப்பில் சொன்னேன்: ஒருவர் செய்வதை வரையலாம், ஒருவருக்கு வாய்த்ததை வரையக் கூடாது. பேசும்போது கையை ஆட்டுவது அவர் செய்வது. நிறம், பல், கால், உயரம் அவருக்கு வாய்த்தது. அப்பா செய்யும் தொழிலை வைத்து ஒரு பிள்ளையை வரைவதும் இதில் சேரும். அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேனிட்டி ஃபேர் படங்களே இந்த விதியில் பல இடங்களில் தோற்றுப்போகும். உடல் குறையையும் இனத்தையும் வைத்துச் சிரிக்கும் படங்கள் அந்தக் காலத்து அச்சில் நிறைய உண்டு. அவற்றையும் விலை கொடுத்து வாங்கி மாட்டுகிறார்கள். பழையது என்பதால் மட்டும் எல்லாம் சுவருக்கு ஏற்றதாகிவிடாது.

மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது நடைப் பயிற்சி. முகமே இல்லாமல், நடையை மட்டும் வரைய வேண்டும். மற்றவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு நான் காட்டும் எடுத்துக்காட்டு 'திருவிளையாடல்' படத்தில் மீனவராகச் சிவாஜி நடந்து வரும் அந்தக் கடற்கரை நடை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டில் தாத்தா, ஆயாவிடம் கேட்டு வரச் சொல்வேன். மறுநாள் ஒரு பெண், "சார், எங்க ஆயா நடந்தே காட்டிச்சு" என்றாள். அந்த ஆயாவின் நடையைத்தான் அவள் வரைந்து வந்திருந்தாள். அதில் சிவாஜியும் இருந்தார், ஆயாவும் இருந்தார்.

மிகைப்படுத்துவது என்றால் என்ன என்று நம் பகுதிப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில், படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் படுக்க வைத்திருப்பார்களே, மீசையே ஓர் ஆள் நீளம் இருக்கும். அதைச் சுற்றி ஓடி வளர்ந்தவர்கள் அவர்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டினால் மெலிந்த மனிதர் எப்படி அரசனாகிறார் என்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்கள். லண்டன் கேலிச்சித்திரத்தில் தலை பெரிதாக, உடல் சிறிதாக இருக்கும். கூத்தில் தோள் பெரிதாக இருக்கும். ஏன் தலை, ஏன் தோள் என்று கேட்டால் ஒரு பாடவேளை போதாது. ஒரு மாணவன் சொன்னான்: "தூரத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கும் தெரியணும்ல சார், அதான் தோளு. அந்தப் படம் கையில வச்சிப் பாக்குறது, அதுக்குத் தலை போதும்." இதைவிடச் சரியாக நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

கலைத் திருவிழா எல்லாம் வந்துவிட்ட காலம் இது. பிள்ளைகள் வரைகிறார்கள். வரைந்த தாள்கள் என்ன ஆகின்றன என்று மட்டும் கொஞ்சம் பாருங்கள். பெரும்பாலும் ஆண்டு முடிவில் பழைய விடைத்தாளோடு சேர்ந்து போகின்றன. ஓர் அட்டைப் பெட்டி போதும். பின்பக்கம் மெல்லிய பென்சிலால் பெயர், வகுப்பு, நாள், படத்தில் இருப்பது யார், எந்த நேரத்தில் வரைந்தது என்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். இரண்டு வரி ஜெஹு ஜூனியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். முன்பக்கம் ஊறி வரும். கிழிந்ததை செல்லோ டேப் போட்டு ஒட்டாதீர்கள், பத்து ஆண்டில் பழுப்புக் கறை மட்டும்தான் மிஞ்சும். லேமினேஷனும் வேண்டாம். போட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. வெயில் படாத அலமாரி, ஆண்டுக்கு இரண்டு முறை திறந்து இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று ஒரு பார்வை. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நல்லது. ஆனால் கைப்பேசியில் இருக்கிறதே என்று தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஊரில் யார் வீட்டிலாவது பழைய நாடக நோட்டீஸோ கூத்து அழைப்போ இருந்தால் பிள்ளைகள் கொண்டு வருவார்கள். வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு, யார் வீட்டுத் தாள் என்று எழுதிக்கொண்டு, அன்று மாலையே திருப்பிக் கொடுத்து அனுப்புங்கள். இதில் எனக்கு அனுபவம் உண்டு என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

நேரம் முடிந்துவிட்டதாக ஒருங்கிணைப்பாளர் கையைக் காட்டுகிறார். இரண்டு தாள்களையும் இந்த மேசையில் வைக்கிறேன். கைலென்ஸ் மூன்று இருக்கிறது. ஓரத்தை மட்டும் பிடித்துப் பாருங்கள்; தேநீர் டம்ளரை அந்தப் பக்கம் வைத்துவிட்டு வாருங்கள். மிருதங்க வித்வானின் கையைப் பார்த்து யாருக்காவது ஆள் யார் என்று தெரிந்தால் என்னிடம் சொல்லுங்கள். பின்னால் பென்சிலால் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன்.